ஒன்றாம் வகுப்புக் கணக்குக்கு முன்: எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளைத் தயார்செய்யும் முழு வழிகாட்டி

நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற யு.கே.ஜி. குழந்தையிடம், "ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தா மக்களே" என்று கேட்டுப் பாருங்கள். கைநிறைய அள்ளித் தரும் குழந்தைகள் நிறைய. அவர்களுக்கு எண்களின் பெயர் தெரியும், எண்ணத் தெரியாது. ஒன்றாம் வகுப்பில் கூட்டல் வந்ததும் திணறுவது பெரும்பாலும் இவர்கள்தான்.

இது 4, 5 வயதுக் குழந்தைகளின் வீட்டாருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் எழுதியது. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுக்கும் பொருந்தும். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம், ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் நிற்கிறது. எழுதுவது 8ஆம் பகுதியில்தான் வரும். அதுவரை நோட்டு அலமாரியிலேயே கிடக்கட்டும்.

1. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

புளியங்கொட்டை 40. கடற்கரையில் பொறுக்கிய சிப்பி 20. ஏறத்தாழ ஒரே அளவுள்ள சிரட்டை (கொட்டாங்குச்சி) 6, உள்ளும் புறமும் சுரண்டி நார் இல்லாமல். விரல் நீளத்துக்கு நறுக்கிய ஈர்க்குச்சி 30, அதைக் கட்ட ரப்பர் வளையம் 3. முப்பது முட்டை வைக்கும் அட்டைத் தட்டு ஒன்று. ஒரு பகடை, சாக்பீஸ். இவ்வளவுதான். கண்ணும் மூக்கும் வைத்த பிளாஸ்டிக் பொம்மைகள் எண்ணுவதற்கு உதவாது. குழந்தை அவற்றுக்குப் பெயர் வைத்துப் பேசத் தொடங்கிவிடும், எண்ணிக்கை மறந்துபோகும்.

முட்டைத் தட்டில் 5 குழி கொண்ட 6 வரிசை இருக்கும். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழித் தட்டு மூன்று கிடைக்கும். கடையில் விற்கும் எந்தக் கணிதப் பெட்டியையும்விட இது கூடுதல் வேலை செய்யும்.

மூன்று பொருள் வேண்டாம். குன்றிமணி கடும் நஞ்சு, ஓடு உடைந்த விதையை மென்றால் உயிருக்கே ஆபத்து. குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் முற்றத்தில் கிடக்கும் ரப்பர்க் கொட்டை பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் பச்சையாக அதுவும் நஞ்சு. பூ வரிசை அடுக்கும்போது அரளியும் வேண்டாம். புளியங்கொட்டையைக்கூட மூக்கில் திணிக்கிற வயது இது. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு பிள்ளை இருந்தால் பெரிய சிப்பி, பாட்டில் மூடி என்று மாற்றிக்கொள்ளுங்கள். எடுக்கும்போதும் திருப்பி வைக்கும்போதும் எண்ணிச் சரிபாருங்கள்.

நேரம் ஒரு நாளைக்கு 10 முதல் 15 நிமிடம். குழந்தை இரண்டாவது முறை வேறு பக்கம் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட தினமும் பத்து நிமிடம் பலன் தரும்.

எண்ணும் மொழியை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு, கல்குளம் பக்கம் பாட்டி மலையாளம் கலந்து எண்ணுவார், அம்மா தமிழில் எண்ணுவார், பள்ளியில் ஒன், டூ. முதல் ஐந்து எண்களுக்கு வீட்டில் பேசும் மொழியே போதும். எண்ணிக்கை பிடிபட்ட பிறகு பெயரை மாற்றுவது சில நாள் வேலை. இரண்டையும் சேர்த்துக் கற்பித்தால் இரண்டும் நொண்டும்.

2. பிரித்து வைத்தல்

எதை எண்ணுவது என்று தெரிந்தால்தான் எண்ண முடியும். அதனால் முதல் வேலை பிரிப்பது. சிப்பியையும் கொட்டையையும் கலந்து கொட்டி, இரண்டு சிரட்டையில் போடச் சொல்லுங்கள். சந்தையில் இருந்து வந்த காய்கறிப் பையும் உலர்ந்த துணிக் குவியலும் இதற்கு அருமையான பொருட்கள்.

எந்த அடிப்படையில் பிரிப்பது என்று பெரியவர்கள் சொல்லிவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. "நிறத்தை வைத்துப் பிரி" என்று சொன்னால் குழந்தைக்கு வேலை பாதி குறைந்துபோகிறது. பிரிக்க விட்டுவிட்டு, "இதெல்லாம் ஏன் ஒண்ணாக் கிடக்கு?" என்று கேளுங்கள். பிறகு அதே குவியலை வேறு விதமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முதலில் நிறம் பார்த்தது அடுத்து அளவு பார்க்க வேண்டும். இரண்டாவது விதம் தானாக வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

3. எண்ணாமல் ஒப்பிடுதல்

சாப்பாட்டுக்கு உட்காரும் முன் குழந்தையிடம் தட்டு வைக்கச் சொல்லுங்கள். அம்மைக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, பாட்டாவுக்கு ஒண்ணு. எண் சொல்ல வேண்டாம். ஆளுக்கொரு தட்டு வந்ததா, மிச்சம் உண்டா, குறைவா என்பது மட்டும் போதும். முட்டைத் தட்டில் குழிக்கு ஒரு சிப்பி வைப்பதும் இதே பயிற்சி.

ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று எண்ணப் போவது இதை நம்பித்தான். கூடுதல், குறைவு, சமம் என்ற மூன்று சொல்லும் இங்கேயே பழக வேண்டும். "கூட" என்பதைக் குழந்தைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், "குறைவு" தாமதமாகும். யாரும் வீட்டில் "யாருக்குக் குறைவு?" என்று கேட்பதில்லை என்பதுதான் காரணம். வேண்டுமென்றே கேளுங்கள்.

4. எண்ணுதல்

மொத்த வழிகாட்டியில் அதிக நாள் பிடிக்கும் படி இது. ஐந்து வரை உறுதியாக வர இரண்டு மாதம் ஆனாலும் கவலையில்லை.

முதலில் தள்ளி எண்ணப் பழக்குங்கள். கொட்டைகளை இடப்பக்கம் குவித்து, ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகர்த்தும்போது ஒரு எண் சொல்ல வேண்டும். தொட்டு மட்டும் எண்ணினால் எதைத் தொட்டோம், எதை விட்டோம் என்று குழந்தை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. நகர்த்தினால் அந்தச் சுமை இல்லை. வரிசையில் வைத்துத் தொட்டு எண்ணுவது அடுத்த கட்டம். சிதறிக் கிடப்பதை எண்ணுவது அதற்கும் அடுத்தது.

பிறகு கடைசி எண்ணின் பொருள். எண்ணி முடித்ததும், "அப்போ எத்தனை உண்டு?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. ஐந்தாவது கொட்டையை மட்டும் காட்டி "இதுதான் அஞ்சு" என்று சொல்லும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு 'அஞ்சு' என்பது அந்தக் கொட்டையின் பெயர். இதற்கு மருந்து, எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் உள்ளங்கையால் வளைத்து, "மொத்தம் அஞ்சு கொட்டை" என்று நீங்கள் சொல்லிக் காட்டுவது. விரலால் கடைசிக் கொட்டையைச் சுட்டிக்காட்டி "அஞ்சு" என்று நிறுத்தாதீர்கள். குழப்பத்தை அந்த விரல்தான் விதைக்கிறது.

மூன்றாவது, "எடுத்துத் தா". இருக்கிறதை எண்ணுவதைவிட, பெரிய குவியலில் இருந்து நாலை எடுத்துத் தருவது கடினம். எண்ணிக்கொண்டே எங்கே நிறுத்துவது என்பதை நினைவில் பிடிக்க வேண்டும். குழந்தைக்கு எண் தெரியுமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. இரண்டு எடுத்துத் தரும், மூன்று கேட்டால் அள்ளும் என்றால், அந்தக் குழந்தை இப்போது இரண்டில் நிற்கிறது. ஒப்பிப்பது நூறு வரை இருந்தாலும் வேலையை மூன்றில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு வரும் தவறுகள் மூன்று. சொல் வேகமாக ஓடி, கை பின்தங்குவது ஒன்று. மெதுவாக எண்ணச் சொல்வதால் இது தீராது, சிரட்டைக்குள் டக் டக் என்று போடச் செய்தால் தீரும், சத்தம் வேகத்தைக் கட்டுப்படுத்தும். பல்லாங்குழிப் பலகை இருந்தால் அதன் 14 குழியில் குழிக்கொன்றாகப் போடுவதும் இதே வேலையைச் செய்யும். இரண்டாவது, ஒரே பொருளை இருமுறை எண்ணுவது. வட்டமாக வைத்தால் இது கட்டாயம் வரும், அதனால் ஆரம்பத்தில் வட்டமாக வைக்காதீர்கள். மூன்றாவது, பெயர் வரிசையில் ஏதாவது ஒன்றை விடுவது, பெரும்பாலும் பத்துக்கு மேல். அது பாட்டாகப் பாடித் திருத்த வேண்டியது. கொட்டையை வைத்துக்கொண்டு திருத்த வேண்டாம்.

நெல்லோ தேங்காயோ அளக்கும் பெரியவர்கள் சிலர் முதலாவதை 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவார்கள். அங்கே கூடவே நிற்கும் குழந்தை 'லாபம், ரெண்டு, மூணு' என்று எண்ணினால் சிரித்துவிட்டு, ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர் என்று சொல்லிவிடுங்கள். அடித்துத் திருத்த வேண்டிய விஷயமில்லை.

ஐந்து வரை மூன்று திறனும் வந்த பிறகு பத்துக்குப் போங்கள். பொருளை மாற்றியும் பாருங்கள். கைத்தட்டல், தாண்டும் படி, மழை நாளில் ஓட்டில் இருந்து சொட்டும் துளி. கையில் பிடிக்க முடியாததையும் எண்ணலாம் என்பது தனியாகத் தெரிய வேண்டிய ஒன்று.

5. பார்த்ததும் சொல்லுதல்

மூன்று கொட்டையை வைத்து, இரண்டு விநாடி காட்டி, சிரட்டையால் மூடுங்கள். எத்தனை? மூன்று வரை எண்ணாமலே கண் பிடித்துவிடும், நாலு சற்றுப் பழக வேண்டும். ஐந்துக்கு மேல் பெரியவர்களுக்கே கூட்டமாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் ஆறு, ஏழு கொட்டையைச் சிதறவிட்டு "பார்த்ததும் சொல்" என்று வற்புறுத்துவதில் பயனில்லை.

ஐந்துக்கு மேல் பத்துக் குழித் தட்டு வேண்டும். மேல் வரிசையை இடமிருந்து நிரப்பிய பிறகே கீழ் வரிசை. இந்த ஒழுங்கை ஒருநாளும் மாற்றாதீர்கள். ஏழு என்றால் மேலே நிறைந்த வரிசை, கீழே இரண்டு. சில வாரத்தில் குழந்தை எண்ணாமல் "அஞ்சும் ரெண்டும், ஏழு" என்று சொல்லும். "இன்னும் எத்தனை வச்சா நிறையும்?" என்ற கேள்வியை அப்போது சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தைத் தாண்டிக் கூட்டும்போது இந்தப் பதில்தான் கைகொடுக்கும்.

பகடையின் புள்ளிகளை எண்ணாமல் சொல்வதும் இங்கே சேரும். முற்றத்தில் சாக்பீஸால் பத்துக் கட்டம் நேராக ஒரே வரிசையில் வரைந்து, பகடை உருட்டி நகரச் சொல்லுங்கள். பாம்பும் ஏணியும் இப்போது வேண்டாம். அதில் வரிசை வளைந்து வளைந்து போவதால் எந்தப் பக்கம் எண் கூடுகிறது என்பது குழம்பிவிடும். நேர்க் கட்டத்திலும் ஒரு தவறு தவறாமல் வரும். நிற்கிற கட்டத்தையே "ஒண்ணு" என்று எண்ணுவார்கள். ஒரு தாவலுக்கு ஒரு எண், நிற்கும் இடத்துக்கு எண் இல்லை என்பதைக் காலால் தாவியே காட்டுங்கள். திருத்தாமல் விட்டால் ஒன்றாம் வகுப்பில் 4+3 கேட்கும்போது "நாலு, அஞ்சு, ஆறு" என்று எண்ணி ஆறு என்று விடை எழுதுவார்கள்.

6. உடைத்துச் சேர்த்தல்

ஐந்து கொட்டையைக் காட்டி, கண்ணை மூடச் சொல்லி, சிலவற்றைச் சிரட்டைக்குள் ஒளியுங்கள். வெளியே மூன்று கிடக்கிறது, உள்ளே எத்தனை? குழந்தை யூகித்த பிறகு தூக்கிப் பார்க்கட்டும். விடையை நீங்கள் சொல்லாதீர்கள், சிரட்டை சொல்லும்.

மூன்றில் தொடங்கி, நாலு, ஐந்து என்று ஒவ்வொன்றாக ஏறுங்கள். ஐந்தின் எல்லா உடைப்பும் எண்ணாமல் வந்த பிறகே ஆறு. சிலசமயம் ஒன்றுமே ஒளிக்காமல் வெறும் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். பூஜ்யம் அப்படித்தான் குழந்தைக்குள் நுழைய வேண்டும், வட்டம் போடும் எழுத்தாக அல்ல.

கூட்டு, கழி என்ற குறிகள் வேண்டாம். கதையாகச் சொல்லுங்கள். "பஸ்ஸுல அஞ்சு பேரு இருந்தாவ. வடசேரியில ரெண்டு பேரு இறங்கினாவ. இப்போ எத்தனை பேரு?" கொட்டைதான் ஆள், சிரட்டைதான் பஸ். குறியை முதலில் கற்ற குழந்தை எந்தக் கதையிலும் இரண்டு எண்ணைப் பிடித்துக் கூட்டிவிட்டுப் போய்விடும்.

7. அளவு, வடிவம், பூ வரிசை

இது தனிப் படி அல்ல. 3ஆம் பகுதியில் இருந்தே வாரத்துக்கு இரண்டு நாள் இடையில் சேருங்கள்.

நீளத்தை ஒப்பிடும்போது இரண்டு குச்சியின் ஒரு முனை ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மட்டும் பார்ப்பார்கள். திண்ணையைச் சாணால் அளக்கும்போது சாணுக்கும் சாணுக்கும் இடைவெளி விடுவது அடுத்த தவறு. அப்பாவின் சாணில் ஒரு எண்ணும் குழந்தையின் சாணில் வேறு எண்ணும் வரும். ஏன் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள்.

எடைக்கு, காய்ந்த தொண்டு (தேங்காய் மட்டை) ஒன்றும் அம்மிக்குழவியும் போதும். பெரிதாக இருப்பதெல்லாம் கனமில்லை என்பது கையிலேயே தெரியும். கொள்ளளவுக்குச் சிரட்டையால் செம்பை நிரப்பி எண்ணுங்கள்.

ஆறு சிப்பியை நெருக்கியும் ஆறு சிப்பியை அகற்றியும் இரண்டு வரிசை வைத்தால், நீண்ட வரிசையில்தான் கூடுதல் என்பார்கள். ஆறேழு வயது வரை இப்படிச் சொல்வது இயல்பு. வாதாடாதீர்கள். ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒழுங்கு அமைப்புக்குத் தோவாளைச் சந்தைப் பூ போதும். பிச்சி, கேந்தி (செண்டுமல்லி), கொழுந்து. தொடுக்க வேண்டாம், தரையில் அடுக்கினால் போதும். கேந்தி, பிச்சி, கேந்தி, பிச்சி என்று தொடங்கி, பிறகு இரண்டு கேந்திக்கு ஒரு பிச்சி. அடுத்தது என்ன என்று கேட்கும் முன் அமைப்பு மூன்று முறையாவது முழுதாக வந்திருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் காட்டினால் குழந்தை எதைச் சொன்னாலும் சரிதான். நடுவில் ஒரு பூவை எடுத்துவிட்டு "இங்கே எது இருந்தது?" என்று கேட்பது அடுத்த நிலை.

வடிவத்தில் முக்கோணத்தை எப்போதும் கூர் மேலே இருக்கும்படி காட்டாதீர்கள். தலைகீழாகத் திருப்பியதும் "இது முக்கோணம் இல்லை" என்பார்கள்.

8. எண்ணை எழுதுதல்

இப்போது நோட்டை எடுக்கலாம், ஆனால் கடைசியாக. முதலில் 1 முதல் 5 வரை எழுதிய அட்டைகளைச் சரியான எண்ணிக்கையுள்ள சிரட்டைக்கு முன் வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஈரமணலில் விரலால் எழுதுவது. கடற்கரை தொலைவு என்றால் ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்புங்கள். அதன் பின் தரையில் சாக்பீஸ், சிலேட்டு, பென்சில். விரல் தசை வலுப்பெறும் முன் பென்சிலைத் திணித்தால் குழந்தை எண்ணை வெறுக்காது, எழுதுவதை வெறுக்கும். ஆனால் அதற்குப் பழி கணக்கின் மேல் விழும்.

எழுதும் வரிசை 1, 2, 3 என்று போக வேண்டியதில்லை. கோடுகளால் ஆன 1, 4, 7 முதலில். பிறகு 3, 8, 0. ஒன்றோடொன்று குழம்பும் 2, 5 இரண்டையும் ஒரே வாரத்தில் வேண்டாம், 6, 9 இரண்டையும் அப்படியே. தொடக்கப் புள்ளி மேலே என்று பழக்குங்கள். 3, 7 ஆகியவற்றைத் திருப்பி எழுதுவது ஏழு வயது வரை சாதாரணம். சிவப்பு மையால் அடிக்காமல், பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டினால் போதும்.

ஒன்று முதல் நூறு வரை எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடத்தைக் குழந்தை எப்படிச் செய்கிறது என்று அருகில் நின்று பாருங்கள். முதலில் மேலிருந்து கீழாக 1, 1, 1, 1 என்று நிரப்பும். அப்புறம் பக்கத்தில் 0, 1, 2, 3. பக்கம் அழகாக முடிந்துவிடும். பதினாறு என்று ஒருமுறைகூட நினைத்திருக்காது.

9. பத்துக் கட்டு

பத்து ஈர்க்குச்சியை எண்ணி, ரப்பர் வளையம் போட்டு ஒரு கட்டு. கட்டைக் குழந்தையே போட வேண்டும். தயாராகக் கட்டிக் கொடுத்தால் அது பத்தாகத் தெரியாது, தடித்த ஒரு குச்சியாகத் தெரியும். சந்தேகம் வந்தால் அவிழ்த்து எண்ணட்டும்.

கட்டும் ஒரு குச்சியும் பதினொன்று, கட்டும் மூன்று குச்சியும் பதிமூன்று. தமிழ்ப் பெயரில் பத்து முதலில் வருவதால் கையும் வாயும் ஒரே வரிசையில் போகும். ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் இரண்டிலும் பத்து தெரியாது. தர்ட்டீனில் மூன்று முன்னால் வந்துவிடும், அதனால் 31 என்று எழுதுவார்கள். தர்ட்டீனும் தர்ட்டியும் காதுக்கும் ஒன்றுபோல் ஒலிக்கும். ஆங்கில வழிக் குழந்தையானாலும் 11 முதல் 19 வரை கட்டை வைத்துத் தமிழில் சொல்லிவிட்டு, பின்பு ஆங்கிலப் பெயரை ஒட்டுங்கள். இருபது போதும். அதற்கு மேல் ஒன்றாம் வகுப்பு பார்த்துக்கொள்ளும்.

நாணயத்தைப் பத்துக்கு மேல் வந்த பிறகே தொடுங்கள். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றா, ஒரு ரூபாய் நாணயம் மூன்றா என்றால் மூன்றைத்தான் எடுப்பார்கள். எண்ணிக்கையை இப்போதுதான் நம்பத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு அது நியாயமான தேர்வு.

10. ஜூனுக்கு முன் சரிபார்த்தல்

மே மாதத்தில், மூன்று வெவ்வேறு நாளில், விளையாட்டோடு விளையாட்டாகப் பாருங்கள். குவியலில் இருந்து எட்டு எடுத்துத் தருகிறதா? எண்ணி முடித்த சிப்பிகளைக் கலைத்துவிட்டு "இப்போ எத்தனை?" என்றால் மறுபடி எண்ணாமல் சொல்கிறதா? ஐந்தில் ஒளித்ததைச் சொல்கிறதா? பத்துக் குழித் தட்டில் ஏழைப் பார்த்ததும் சொல்கிறதா? 9 வரை எண்ணுருவை எண்ணிக்கையோடு சேர்க்கிறதா? மூன்றில் இரண்டு நாள் வந்தால் வந்த மாதிரிதான்.

வராததற்குப் பயிற்சியைக் கூட்டாதீர்கள், ஒரு படி கீழே இறங்குங்கள். ஒளித்தது தெரியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் 5ஆம் பகுதியில் இருக்கும். எடுத்துத் தர முடியவில்லை என்றால் 3ஆம் பகுதிக்கே போக வேண்டியிருக்கும்.

மாதக்கணக்கில் செய்தும் மூன்றைத் தாண்டவில்லை, அல்லது சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது, பொருளைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோகிறது என்றால் காதையும் கண்ணையும் முதலில் பரிசோதியுங்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டலாம்.

அரசுப் பள்ளியில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளில் 2022-23 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. அங்கே குச்சியும் மணியும் அட்டையும் மறுபடி கைக்கு வரும், குழந்தைக்கு அது பழகிய இடம். நேராக நோட்டில் தொடங்கும் பள்ளி என்றால் முட்டைத் தட்டையும் ஈர்க்குக் கட்டையும் முதல் பருவம் முடியும்வரை வீட்டில் வைத்திருங்கள். வீட்டுப்பாடத்தில் 6+3 வந்ததும் தட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். விரல் மடக்கி எண்ணினாலும் தடுக்க வேண்டாம். தட்டும் விரலும் எப்போது வேண்டாம் என்பதைக் குழந்தையே முடிவு செய்யும்.